யானைக் கன்னத்து மஞ்சள்

வேய்மலை மூங்கில் ஓங்குக. அதன் நிழலில் வாழும் உயிரனைத்தும் அச்சமின்றி உறங்குக. மலைமாளிகையில் எழுந்தருளியிருக்கும் வேய்மலைச் சீமை இளவரசர் செங்கண் ஆதனார் திருமுன்பு, பேரரசரின் ஆணை தாங்கிக் கோட்டைக்கு வந்திருக்கும் அமைச்சர் பரிதிச்சாத்தனார் விடுக்கும் ஓலை.

தம் பணியாளர் தம்மீது வைத்த நம்பிக்கையை அளந்து பேரரசருக்கு அறிவிக்குமாறு இளவரசர் வேண்டியபடி, அமைச்சர் கோட்டை யானைகளைக் கட்டும் யானைப்பந்தியில் தொடங்கினார். மூடிய குடம் ஒன்றை வைத்து, நம்புவோர் வெள்ளைக் கல்லும் நம்பாதோர் கருங்கல்லும் மறைவாக இடச் சொன்னார். குடத்தைக் கவிழ்த்தபோது ஒரு கருங்கல்கூட இல்லை. அமைச்சருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. இளவரசரைப் புகழ்ந்து எழுத ஓலையும் நறுக்கிவிட்டார்.

மறுநாள் காலை ஆற்றுத்துறையில், மழைக்கூத்தன் என்னும் களிறு தன் பாகன் எயினனைத் தூக்கி எறிந்து மிதித்துக் கொன்றது. கன்றாக வந்த நாள்முதல் அவன் கையால் கவளம் உண்ட யானை அது.

துக்கம் கேட்கச் சென்ற அமைச்சரிடம் எயினன் மனைவி வெண்பூதி எதையும் மறைக்கவில்லை. களிற்றுக்கு மதம் பிடித்துச் சில நாளாயிற்று என்றும், கன்னத்தில் வழிந்த மதநீரைக் கணவன் துடைத்துத் துடைத்து, அலங்காரம்போல மஞ்சள் அப்பி மறைத்தான் என்றும் சொன்னாள். முன்பே சொல்லித் தளையில் கட்டியிருக்கலாமே என்றார் அமைச்சர். கேட்டிருக்கவே வேண்டாம். யானைக்கு மதம் பிடிப்பது பாகனின் குற்றம், அவனிடமிருந்து யானையைப் பிரித்து வேறொருவனிடம் கொடுக்க வேண்டும் என்று சென்ற கோடையில் இளவரசர் இட்ட ஆணையை அவள் நினைவூட்டினாள். "யானை மிதிச்சா ஒரு சாவு, அதைப் பிரிச்சுக் கொண்டுபோனா தினம் தினம் சாவுன்னு சொல்லிட்டுத்தான் ஐயா அவரு துறைக்குப் போனாரு" என்று சொல்லி அழுதாள். எயினன் குடத்தில் எந்தக் கல்லை இட்டான் என்று அமைச்சர் கேட்கத் தேவையில்லை. எல்லாமே வெள்ளைதானே.

நேரே பந்திக்குப் போனார். மேலும் நான்கு களிறுகளின் கன்னத்தில் ஈரம் காயாத மஞ்சள். கழுவச் சொன்னார். பாகர் ஒருவரும் தண்ணீர் எடுக்கவில்லை. தத்தம் யானையை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

இளவரசர் கேட்ட அளவு இதுவே. நம்பவில்லை என்று சொல்வதற்கும் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும். அதுவும் இங்கே இல்லாது போயிற்று. மதயானையின் அருகே துணிந்து நிற்பவர்கள் அரண்மனைக்கு நடுங்குகிறார்கள்.

ஆகவே, பேரரசர் பெயரால் ஆணை. கோடையில் இட்ட அவ்வாணை இன்றே ஒழிக. இந்த யானைகள்மீது நாளை நடக்கவிருந்த இளவரசரின் திருவுலா நிற்க. வெண்பூதிக்கு உயிருள்ளவரை அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல் அளக்கப்படுக. இளவரசர் படை பரிவாரமின்றி மலையிறங்கிப் பந்திக்கு நடந்து வருக. பாகன் ஒருவன் தானாக முன்வந்து தன் யானைக்கு மதம் என்று சொல்லும்வரை அங்கேயே இருக்க. அதன்பின் நம்பிக்கையை அளக்கலாம்.

பேரரசர் இலச்சினை பதித்தாயிற்று. பதிக்கும் இந்நேரம்வரை அமைச்சர் பந்தி வாசலில்தான் அமர்ந்திருக்கிறார். ஆணை ஒழிந்தது என்று அவரே வாய்விட்டுச் சொல்லியும், இன்னும் ஒருவரும் வரவில்லை.