கடல் சேற்றில் தேயிலை மகரந்தம்

இன்று காலை டயகம பஸ்ஸுக்கு நடந்து வரும்போது, கவனிப்பாரற்றுக் காடாகிப்போன மேல்மலையில் தேயிலை பூத்திருந்தது. கவ்வாத்து வெட்டாமல் விட்டால் செடி மரமாகி வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கொட்டும், உனக்குத் தெரியாததா? அந்த மெல்லிய வாசம் பட்டதும் நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன். பின்னால் வந்த அக்கா ஒருத்தி, "என்னா டீச்சர், பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

உன்னிடமும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நீ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த வருடம், பள்ளி விடுமுறைக்கு உன்னைப் பார்க்க வந்தேன். தலைக்கு வைக்க மல்லிகை கிடைக்கவில்லை. அதனாலென்ன என்று இதே மலைப் பூவைக் கோத்துச் சூடிக்கொண்டு வந்தேன். ஆய்வுகூடத்தில் திருகோணமலைக் குடாவில் எடுத்த சேற்றைக் குழாய் குழாயாய் அடுக்கி வைத்திருந்தாய். "சும்மா நிக்காம இத அலசு புள்ள" என்று சல்லடையைக் கையில் தந்தாய். நானும் அதன்மேல் குனிந்து குனிந்து அலசினேன்.

நீ பேசிக்கொண்டே இருந்தாய். அப்பப்பா, என்ன பேச்சு! "கடலு எல்லாத்தையும் வச்சுக்காதுடி. மணல்ல மகரந்தம் தங்காது, மெல்லிசு சேத்துலதான் தங்கும். அதுவும் காத்துப் பட்டா மக்கிப் போயிரும்." நுணுக்குக்காட்டியில் குட்டிக் குட்டிக் கடலுயிர்களின் ஓடுகளைக் காட்டினாய். உப்பு கூடினால் ஒரு வகை வாழும், ஆற்றுத் தண்ணீர் கூடினால் வேறு வகை. ஓட்டை வைத்தே அந்தக் காலத்து மழையைச் சொல்லலாம் என்றாய். எனக்கென்னவோ எல்லாம் ரவை மாதிரித்தான் தெரிந்தது.

அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, போன் எடுத்தாய். "தேயிலை மகரந்தம் கெடச்சிருக்குடி! இது பைன் மரத்துத் தூள் மாதிரி காத்துல பறக்காது, பூச்சிதான் தூக்கும். அப்போ ஆத்துத் தண்ணியிலதான் போயிருக்கணும். அத்தன அணையையும் தாண்டி நம்ம மலை கடலுக்குப் போயிருக்குடி!" உன் அப்பா இறந்த பிறகு நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. உன் அம்மா கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்துப் போனார். வெள்ளிக்கிழமை பேராசிரியர்கள் முன்னால் அதைச் சொல்லப்போவதாய் இருந்தாய்.

வியாழக்கிழமை நான் போன் எடுத்தேன். "அன்னைக்கு என் தலையில தேயிலைப் பூ இருந்துச்சுடி. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு." நீ மறுநாள் பேச்சை ஒத்திப் போட்டுவிட்டு, அதே அடுக்கில் மிச்சமிருந்த சேற்றை நீயே அலசிப் பார்த்தாய். புல்லின் மகரந்தம் இருந்தது, கண்டல் மரத்து மகரந்தம் இருந்தது. தேயிலை ஒன்றுகூட இல்லை.

"நல்ல வேள, ஞாபகம் வந்துச்சே. இல்லாட்டி என் மானமே போயிருக்கும் புள்ள" என்றாய். உன் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில், வேளையோடு நினைவுபடுத்திய தோழி என்று என்னையும் எழுதினாய்.

அடியே, எனக்கு அது வியாழக்கிழமை ஞாபகம் வரவில்லை. நீ "தேயிலை" என்று சொன்ன அந்த நொடியே என் கை தலைக்குப் போய்விட்டது. தெரிந்துகொண்டே நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளிக்கொண்டே போனேன். இன்னொரு நாள் தள்ளியிருந்தால் உன்னைச் சபையில் தலைகுனிய வைத்திருப்பேன்.

உன் கடைசி நாட்களில், டிக்கோயா ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது இதைச் சொல்லத்தான் வந்தேன். வாயைத் திறப்பதற்குள் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ன மாதிரி உண்மையான ஆளு எனக்கு யாருமில்லடி" என்றாய். அப்புறம் நான் எப்படிச் சொல்வேன்?

அந்த வார்த்தையைத்தான் இன்றைக்கும் சுமந்துகொண்டு திரிகிறேன். இதை எழுதி, ஒரு தடவையாவது அதற்குத் தகுந்தவளாக இருந்துவிடுகிறேன் புள்ள.