மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிடும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூவரும் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இதமாக உடுத்தி, நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு இடுப்பு வலி குறையவில்லை. சின்னவளை இனிமேல் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தையல் கடையில் வேலை நிறைய, கண்தான் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது.

சின்னவளைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீ வரைந்துகொடுத்த லிஃப்ட் வந்ததும் பள்ளியில் அவள் வகுப்பை மாடிக்கு மாற்றினார்களே, அன்று அவள் வீட்டுக்கு வந்து, மேலேயிருந்து பார்த்தால் எல்லார் உச்சந்தலையும் தெரியுது, கணக்கு சாருக்கு நடுவுல வழுக்கை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பா டீக்கடையில் கேட்காதவர்களிடமெல்லாம், என் பையன் போட்ட லிஃப்ட் என்பார். இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. போன மாதம் தீ விபத்து ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாகப் படியிறங்கி மைதானத்துக்கு வர வேண்டும். மணி அடித்தால் லிஃப்ட் தானாக நின்றுவிடும், தீப்பிடித்தால் அதில் ஏறக் கூடாதாம். உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. வகுப்பு டீச்சர் சின்னவளிடம், நீ இங்கயே இரும்மா, சும்மா ஒத்திகைதானே என்று சொல்லிவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இவள் சக்கர நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள். மைதானத்தில் மைக்கில் பெயர் கூப்பிட்டார்களாம். இவள் பெயர் வந்தபோது டீச்சர் லீவு என்றாராம். கடைசியில் தலைமை ஆசிரியர், ஒருத்தர்கூட விடுபடாம இறங்கிட்டீங்க, எல்லாரும் கை தட்டுங்க என்றாராம். இவளும் மேலேயிருந்து தட்டியிருக்கிறாள். நீ ஏண்டி தட்டினே என்று கேட்டேன். எல்லாரும் தட்டினாங்கம்மா என்றாள்.

மறுநாள் நானும் அப்பாவும் போனோம். வகுப்பைப் பழையபடி கீழேயே வையுங்கள் என்று கேட்டோம். தலைமை ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். உங்க பையனே லிஃப்ட் போட்டுக் குடுத்திருக்காரு, இப்ப நீங்களே கீழ இறக்கச் சொன்னா எப்படிங்க என்றார். அவளுடைய பழைய வகுப்பறை இப்போது விருந்தினர் அறை. சோபா போட்டிருக்கிறார்கள். லிஃப்ட் திறப்பு விழாவில் நீ நிற்கிற படம் அங்கேதான் மாட்டியிருக்கிறது. அடுத்த ஒத்திகைக்கு முந்தின நாளே தகவல் சொல்லிவிடுவார்களாம், அன்று பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமாம். நெருப்பும் முந்தின நாளே சொல்லிட்டு வருமா சார் என்று அப்பா கேட்டார். வேடிக்கை என்று நினைத்து அவர் சிரித்தார்.

அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். துவைக்கும்போது பார்த்தால் பேன்ட்டின் பின்பக்கம் நைந்து கிழிந்திருக்கிறது. மாடி வீட்டுக்குப் போகிற படியில், நாற்காலியைக் கீழே விட்டுவிட்டு, பின்னோக்கி உட்கார்ந்தபடியே கையை ஊன்றி ஏறுகிறாள். பிறகு ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். கால் இரண்டும் பின்னால் இழுபடாமல் முன்னால் கிடக்க வேண்டும், அதற்கு ஒரு கையால் காலைத் தூக்கி வைக்கிறாள். குதிகால் உரசிப் புண்ணானதுகூட உணர்வில்லாததால் அவளுக்குத் தெரியவில்லை. மேல்வீட்டு அம்மா, என்னடி படியைத் துடைக்கிறியா என்று கேலி செய்தால், சம்பளம் குடுங்க ஆன்ட்டி, தினமும் துடைக்கிறேன் என்கிறாள். அவளைத் திட்டத்தான் போனேன். திரும்பி வந்து கெட்டித் துணியை இரட்டையாக மடித்துப் பின்பக்கம் ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தேன்.

என் பேச்சும் அப்பா பேச்சும் அங்கே எடுபடாது. நீ எழுது. லிஃப்ட் ஏறத்தான், மணி அடித்தால் இறங்க உதவாது, வகுப்பு கீழேதான் இருக்க வேண்டும் என்று உன் கையெழுத்துப் போட்டுத் தலைமை ஆசிரியருக்கு எழுது. உன் லிஃப்டைக் காட்டித்தானே மறுக்கிறார். உன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அங்கே புதிதாக ஒரு பள்ளிக்கூடம் வரைகிறாய் என்று சொன்னாயே, மணி அடித்தால் இவளைப் போல ஒருத்தி எந்த வழியாக வெளியே வருவாள் என்பதை முதலில் வரை. மற்ற அழகெல்லாம் அப்புறம்.

நேற்று சாயங்காலம் என்னைப் படியடியில் நிற்க வைத்து, தட்டில் கரண்டியால் மணி அடிக்கச் சொன்னாள். அடித்தேன். அவள் இறங்கி முடிக்கும்வரை நிறுத்தக் கூடாதாம். நிஜ நெருப்பென்றால் வீடு முழுக்கப் புகை வந்திருக்கும், அவ்வளவு நேரம் ஆனது. அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசிப் படிக்கு வந்து, மூச்சு வாங்க, இப்ப என் பேரைக் கூப்பிடும்மா என்றாள். கூப்பிட்டேன். உள்ளேன் என்றாள்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை மறந்துவிடாதே. அது வரும்வரை நான் தினமும் மணி அடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா