சித்திரை வெயிலில் பனி

இயேசுவுக்கே புகழ்.

அன்பு மகன் வின்சென்ட்டுக்கு ஆரணியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா தானும் சுகம் என்று சொல்லிக்கொள்கிறார், கார் மட்டும் சுகமில்லை. ஜெர்மனியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி ஜெபம் சொல்லிவிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், இரண்டாவதை அவ்வளவாக நம்பவில்லை. கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உனக்கு போன் போட்டால் உன் அப்பா அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிடுகிறார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். அதனால் கையால் எழுதி, பக்கத்து வீட்டு லிடியாவிடம் இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். படித்த சூட்டோடு அவரைக் கூப்பிட்டு உளறி வைக்காதே, உன் ஓட்டை வாய் எனக்குத் தெரியும்.

கார் நின்ற கதையை அவர் தன் பாணியில் உனக்குச் சொல்லியிருப்பார். ரேடியேட்டர் குழாய் வெடித்தது, இன்ஜின் போனது, நான் என்ன செய்வேன் என்று. வெடித்தது உண்மைதான். அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். சேத்துப்பட்டில் உன் சித்தி மகள் கனிமொழிக்குக் கல்யாணம், மூன்றாவது கல்யாண அறிவிப்பு ஓலையும் கோவிலில் வாசித்தாகிவிட்டது, கல்யாணப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். நூலுக்குச் சாயம் போட்டது உன் அப்பா, அதனால் தானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்றார். பஸ்ஸில் போகலாம் என்றேன். பட்டுப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இடிபட்டால் இந்தப் பெரியநாயகத்தின் மரியாதை என்ன ஆவது என்றார். சரி என்று மரியாதையாகக் கிளம்பினோம். சித்திரை மாதம், உச்சி வெயில், தார் ரோடு கொதிக்கிறது. பாதி வழியில் கார் மூடியின் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று வெள்ளையாக ஆவி கிளம்பி முன்கண்ணாடியை மறைத்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அது எதற்கான விளக்கு என்று எனக்குத் தெரியாது, ஆனால் எரிவது தெரிந்தது. வண்டியை நிறுத்துங்கள், புகைகிறது என்றேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, வைப்பரைப் போட்டார். “பனி இறங்கிகினு இருக்குது, கம்முனு குந்து” என்றார். சித்திரை மாதத்து நடுப்பகலில் ஆரணிப் பக்கம் பனி பார்த்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். வைப்பர் பாட்டுக்குக் கீச்சுக்கீச்சென்று ஆட, நான் பாட்டுக்குக் கத்த, அவர் பாட்டுக்கு ஓட்டினார். கடைசியில் இன்ஜின் உள்ளுக்குள் யாரோ சுத்தியால் அடிப்பதுபோல் அடித்துக்கொண்டு நின்றது. இவ்வளவு நடந்த பிறகும் இறங்கிப்போய் மூடியைத் திறந்து, விரலைச் சுட்டுக்கொண்டு, டீசல் சரியில்லை என்று பங்க்காரனைத் திட்டினார்.

புடவை பஸ்ஸில்தான் போனது, என் மடியில். அவர் காரோடு நின்றுகொண்டார், அப்புறம் ஒரு டிராக்டரில் கயிறு கட்டி ஊருக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். தேர்பவனியில் அந்தோணியார் சுரூபம் வருவதுபோல அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாராம், கடைத்தெருவில் பார்த்தவர்கள் சொன்னார்கள். மெக்கானிக் தணிகாசலம் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இழவு வீட்டில் பேசுகிறவன் மாதிரி குரலைத் தாழ்த்தி, ஹெட் வளைந்துவிட்டது, பிஸ்டன் பிடித்துக்கொண்டது, பேசாமல் எடைக்குப் போடுங்கள் என்றான். ஆவி வந்ததுமே நிறுத்தியிருந்தால் குழாயோடு போயிருக்குமாம். உன் அப்பா உடனே உன்னைக் கூப்பிட்டார். நீயும் உடனே இன்ஜினைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கம் செய்தாய், பூசையில் ஃபாதர்கூட அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. அதோடு விட்டாயா, இதே மாடல் இன்ஜின் பழையது ஒன்று தேடிப்பிடித்து அனுப்புகிறேன் என்று வேறு சொன்னாய். நான் கால் வலிக்குத் தைலம் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது, அது மட்டும் உனக்கு ஞாபகம் வராது. உன் வாயிலிருந்து அதைக் கேட்டதிலிருந்து தரையில் அவர் கால் பாவவில்லை, கார் நின்ற இடத்தைத் தினமும் பெருக்கி வைக்கிறார்.

இனிமேல்தான் விஷயம். சேத்துப்பட்டில் புடவைப் பெட்டியைத் திறந்ததும் கனிமொழி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் கேட்டது வெங்காயச் சருகு நிறம். பெட்டியில் இருந்தது கத்தரிப்பூ நிறம். நல்ல பெண், பெரியப்பா போட்ட சாயம் எதுவானாலும் அழகுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் சித்தி விடுவாளா, “என்னக்கா, மாமாவுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா?” என்று கேட்டாள். அவள் குத்திக் காட்டத்தான் கேட்டாள், எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் அந்த வைப்பர் நினைவுக்கு வந்தது. உன் அப்பா பொய் சொல்லவில்லையடா. அவருக்கு அது பனியாகத்தான் தெரிந்திருக்கிறது. தினமும் அப்படித் தெரிகிறவருக்கு, அன்றைக்குப் புகை வந்தது எப்படி வித்தியாசமாகத் தெரியும்? பேப்பரில் எழுத்தைச் சின்னதாகப் போடுகிறார்கள் என்று என்னைப் படிக்கச் சொன்னதும், வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் கண்ணாடி எடுக்கச் சோம்பல் என்று என்னிடம் நீட்டியதும், சாயத் தொட்டிப் பக்கம் போய் நூலை மூக்கில் இடிக்கிற அளவுக்குப் பிடித்துப் பார்த்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டேன். வேலூரில் கண் டாக்டரிடம் போகலாம், புரையாகத்தான் இருக்கும், சின்ன ஆபரேஷன் என்கிறார்கள் என்றேன். அவர் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “சாயக்காரனுக்குக் கண்ணு போச்சுன்னு ஒருத்தன் காதுல வுழுந்தா, நாளையிலேர்ந்து ஒரு கழி நூலு நம்ம வாசலுக்கு வராது மேரி” என்றார். இருபது சிவப்பை வைத்தால் இருபதையும் பேர் சொல்லிப் பிரிக்கிற மனிதர் என்று இந்த ஊரே அவரைச் சொல்கிறது. அந்தப் பேருக்காக நாளைக்கு ரோட்டில் போகிற யார் மேலாவது காரை ஏற்றினாலும் பனி என்றுதான் சொல்வார் போலிருக்கிறது. போன ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, நான் என்ன நிறத்தில் புடவை கட்டியிருக்கிறேன் சொல்லுங்கள் என்று கேட்டேன். மற்ற பெண்டாட்டிகள் இதைக் கேட்டால் புருஷன் முழிப்பான், இவர் அப்படிப்பட்டவர் இல்லை. முந்தானையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, “மயில்கழுத்து, வேற என்ன” என்றார். நான் கட்டியிருந்தது கரும்பச்சை. நான் எப்படிப்பட்ட வாய்க்காரி என்று உனக்குத் தெரியும், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை ஒன்றுக்கும் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு, ஆமாம் மயில்கழுத்துதான் என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு நடந்தேன். வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது.

அதனால் சொல்கிறேன், இன்ஜின் அனுப்பாதே. தேடினேன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு, அந்தப் பாவத்தை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக லீவு போட்டு நீ வா. நான் கூப்பிட்டால் அவர் வரமாட்டார், நீ கூப்பிட்டால் வேலூருக்கு வருவார். ஊருக்கு என்ன சொல்வது என்று கவலைப்படாதே, மகன் வந்திருக்கிறான், ஊர் சுற்றப் போயிருக்கிறார் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், பொய் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்து, போக்கிலும் வரவிலும் மாதா உன் கூடவே இருக்கட்டும். குளிருக்குத் தலையை மூடிக்கொள். வருகிறவரை வழக்கம்போல அவரை வீடியோவில் கூப்பிட்டுப் பேசு. ஆனால் என் முகம் தெரிகிறதா அப்பா என்று மட்டும் கேட்காதே. தெரிகிறது என்றுதான் சொல்வார்.

உன் அன்பு அம்மா,
சூசைமேரி