கோப்பிக் கடையில் விட்ட சொல்

ஆயர் ஈத்தாம்,
வியாழக்கிழமை

அன்பு மருமகள் தாட்சாயினிக்கு மாமா எழுதுவது. நான் கருங்கல் மாதிரி இருக்கிறேன், நீயும் அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க முருகன் துணை. போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும், இந்த பிளாட்டில் தும்மினால் பத்தாவது மாடிக்குக் கேட்கும், அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு வந்திருப்பது லூபஸ் என்று உனக்குத் தெரியும். நான் கேட்ட கேள்விகளில் டாக்டரம்மா அசந்துபோய், அங்கிள் நீங்க எந்த யுனிவர்சிட்டி என்றார், ஆறாம் வகுப்பு என்று நான் சொல்லவில்லை. உடம்புக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்களாம், கிருமி வந்தால் அடிப்பது அவர்கள் வேலை, அம்மா உடம்பில் ஆள் தெரியாமல் வீட்டுக்காரர்களையே, மூட்டுகளையும் சிறுநீரகத்தையும், அடிக்கிறார்களாம். மாத்திரை அவர்களை அடக்கும், அதனால் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் குறையும், காய்ச்சல்காரர் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்றார். எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. புரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? கோப்பிக் கடையில் ஐம்பது பேருக்கு, சரி, எட்டுப் பேருக்கு, விளக்கினேன். அக்காவுக்கு எதிர்ப்புச் சக்தி போச்சுலா என்று ஆரம்பித்தேன், அதற்குள் கோப்பி வந்துவிட்டது, மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு இங்கே ஒரே நோய்தான் தெரியும், எய்ட்ஸ்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும் பெண்கள் யாரும் வருவதில்லை. லிப்டில் மேல்வீட்டு நவமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா கொடுத்தனுப்பிய பாயசம் மூடி திறக்காமல் திரும்பி வந்தது. அந்த நோயே ஆனாலும் பாயசத்தில் ஒட்டாது, டாக்டரம்மாவே சொல்கிறார், யார் கேட்கிறார்கள்? காரணம் தெரியாத உன் அம்மா, "இந்த மாத்திரைய ஆரம்பிச்ச பிறகுதான்டா பரமு எல்லாரும் ஒதுங்கிட்டாங்க" என்று நாலு நாளாக அதைத் தொடவில்லை. அவள் கால் இரண்டும் வீங்கிவிட்டன. நேற்று நவமணியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "அண்ணே, நீங்க பேசுறதுல பாதிதான் நெசம்னு ஊருக்கே தெரியும், எந்தப் பாதின்னுதான் தெரியல. மொதல்ல அக்காகிட்ட சொல்லுங்க, பிறகு நான் வரேன்" என்றாள். உன் அம்மா என் பேச்சை நம்பும் ஒரே ஆள், அவளிடம் எப்படிச் சொல்ல?

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, இது சத்தியம். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நவமணி சொன்னபடியே வந்து அம்மாவின் கோப்பையிலேயே தேநீர் ஊற்றிக் குடித்தாள். கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டேன், இன்றே மாத்திரையைக் கொடுங்கள், நாளைக் காலை கூட்டி வாருங்கள் என்றார்கள். அம்மா அதை நவமணி கையால் வாங்கி விழுங்கினாள், என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

மகளே, நீ நூறாண்டு நோயில்லாமல் வாழ வேண்டும். மறக்காமல் தினமும் காலையில் அம்மாவைக் கூப்பிட்டு மாத்திரை போட்டாளா என்று கேள். அப்படியே, மாமாவோடு பேசினாயா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

உன் மாமா,
பரமநாதன்