அதே மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? கான்பெராவில் நல்ல குளிர். அப்பாவின் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள்.

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அளவுக்கு மீறி நோயாளிகளைப் பார்த்து அரசுக் காப்பீட்டிடம் கட்டணம் கேட்ட டாக்டர் ஒருவரை, டாக்டர்களான நாங்கள் மூவர் விசாரித்தோம். உங்கள் பக்கத்து ஊர் கீரன்தான். தினமும் எண்பது பேருக்கு மேல் பார்த்திருக்கிறார். எல்லோருடைய குறிப்பிலும் ஒரே வரி: 'அதே மாத்திரை.'

"ஏன் விவரமா எழுதல?" என்றேன்.

"எழுதிக்கிட்டு உக்காந்தா வெளிய நிக்கிறவங்கள யாரு பாக்குறது? நீங்க வருவீங்களா?"

நாளுக்கு எண்பதைத் தாண்டக் கூடாது, குறிப்பும் முழுதாக இருக்க வேண்டும்; விதி விதிதான். அடுத்த மாதம் முதல் காப்பீட்டில் அவருக்கு ஓராண்டுத் தடை; அந்த உத்தரவில் முதல் கையெழுத்து என்னுடையது.

கடிதம் கிடைத்ததும் உங்கள் டாக்டரிடம் ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் கீரனின் வரிசை முழுவதும் அங்கேதான் வந்து நிற்கும்.

அவசரத்தில்,
இமோஜன்