ஆம்புலன்ஸ் போன தடம்

விஸ்கான்சின்,
ஏப்ரல் 19

டெல்மருக்கு, நம் வீட்டிலிருந்து வெர்னா எழுதுவது.

ஜோலின், ஆஸ்பத்திரியில் நீதான் அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டப்போகிறாய் என்று தெரியும். உன்னைத் திட்டியிருக்கும் இடங்களையும் விழுங்காமல் வாசி.

போனில் நீ குழறுவது எனக்குப் புரிவதில்லை, டெல்மர். புரியவில்லை என்று நான் சொன்னால் போனைத் தூக்கி எறிகிறாயாம். அதனால்தான் கடிதம். புருஷனுக்குக் கடிதம் எழுதுகிற வயதா எனக்கு!

பனி உருகிவிட்டது. பெண்டாட்டி பிள்ளையைவிடப் பெரிதாக நீ கொண்டாடிய புல்லின் லட்சணம் வெளியே வந்துவிட்டது. முழுக்க வைக்கோல் நிறம். நடுவே வாசற்படி வரைக்கும் இரண்டு பள்ளம், உன்னை ஏற்றிப்போன ஆம்புலன்ஸின் சக்கரத் தடம். கார் வரும் வழியை உன் டிரக் அடைத்துக்கொண்டு நின்றதால் புல்லில் ஏறி வந்தார்கள். பக்கவாதம் வந்து வாய் கோணிக் கிடந்த நேரத்திலும் நல்ல கையை ஆட்டி அவர்களைப் புல்லைவிட்டு விரட்டினாயே, உன்னை என்ன சொல்வது? உயிர் போகிற நேரத்தில் புல்லாம், புல்!

பக்கத்து வீட்டு வென்டல் வந்தான். பேண்ட் பையில் கைகளை விட்டுக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவன் மாதிரி பள்ளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “டெல்மர் இதப் பாத்தான்னா உசுரையே விட்டுடுவான்” என்றான். சொன்னபிறகுதான் உறைத்தது போலிருக்கிறது, காது சிவந்துபோனது. மண்ணில் ஈரம் காயும் முன்பே வாரியால் இழுத்து, தன் புல்லை வேரோடு பிடுங்கி வைத்திருக்கும் மகா மேதை எனக்கு யோசனை வேறு சொல்கிறான். “சுருட்டி விக்கிற புல்ல வாங்கி மேல விரிச்சிடு வெர்னா. வீடு வாங்க வர்றவங்க கண்ணுக்கு நல்லாயிருக்கும்.” முதலில் உன் வழுக்கைக்கு ஒரு டோப்பா வாங்கி மாட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டேன்.

வீடு விற்கிற கதை அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் உன் அருமை மகள் வேலை. மே கடைசியில் தரகரைக் கூட்டிவருகிறாளாம். ஏன் என்றால், “அப்பா நடக்கவே மாட்டேங்குறாரும்மா, சக்கர நாற்காலிய அந்தப் படியில எப்படி ஏத்துறது?” என்கிறாள். நடக்கப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாயாமே? ஒரு டான்டிலயன் களை தலைகாட்டினால் முட்டி போட்டு அரை நாள் தோண்டுகிற ஆசாமிக்கு ஓர் அடி எடுத்துவைக்க வலிக்கிறதா? வெட்கமாயில்லை?

நேற்று வேலியோரத்து மஞ்சள் புதர் பூத்துவிட்டது. தெருவிலிருக்கிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும், வேறு பிழைப்பில்லாமல், வண்டியை உருட்டிக்கொண்டு களைமருந்து தூவக் கிளம்பிவிட்டார்கள். அது பூத்த வாரமே மருந்து போட்டாகவேண்டும் என்று வருஷாவருஷம் நீ ஓதி ஓதி என் காது புளித்துப்போயிற்று. நான் போடவில்லை. மருந்து போட்டால் களையோடு நல்ல விதையும் முளைக்காது என்று சொன்னவனும் நீதான். இரண்டு பள்ளத்தையும் கிளறி, மண் கொட்டி, விதை தூவி, வைக்கோல் போட்டு மூடியிருக்கிறேன். இடுப்பு விட்டுப்போயிற்று. இந்த வருஷம் களை மண்டும். மண்டட்டும். ஜன்னலைத் திறந்தால் அந்தத் தடம் என் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

மே நடுவில் புல் எழும்பி நிற்கும். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற மெஷினோடு வந்து வெட்டித் தருவதாக வென்டல் சொன்னான். காலை ஒடித்துவிடுவேன் என்றேன். நானும் வெட்டப்போவதில்லை. முழங்கால் உயரம் வளரட்டும். புல்லை வெட்டு என்று நகராட்சிக்காரன் கதவில் நோட்டீஸ் ஒட்டட்டும். டெல்மர் வீட்டுப் புல்லைப் பார் என்று தெருவே சிரிக்கட்டும். உன் மெஷின் தள்ளிக்கொண்டு நடக்கிற மெஷின். நாற்காலியில் உட்கார்ந்து அதை ஓட்ட முடியாது. நாளைக்கு அந்தப் பெண் வந்தால் எழுந்து நில்.

கடவுள் உன் காலுக்குப் பலம் கொடுக்கட்டும். என்னிடம் இருப்பது வாய் மட்டும்தான்.

உன்
வெர்னா

ஜோலின், அப்பா சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தால், முதலிலிருந்து மறுபடியும் வாசி.