நானே கேட்டு வாங்கிய மாற்றல்

அன்புள்ள என்னவருக்கு ஆண்டாளின் வணக்கம். உங்கள் பிரஷர் குறைந்ததா?

போன வாரம் மெட்ரோவில் கம்பியைப் பிடித்தபோது, மார்பில் ஆபரேஷன் செய்த பக்கம் சுரீரென்று இழுத்தது. மறுபடியும் புற்றுநோயோ என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். புதிதாக ஒன்றுமில்லை, சிகிச்சை முடிந்தாலும் வலி சில காலம் இருக்கும் என்றார்.

துணைக்கு வந்த எதிர்வீட்டு ஷோபனா, "வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள்.

இந்தக் கல்கத்தா மாற்றல் பாங்க் போட்டதல்ல. நானே கேட்டு வாங்கினேன். நான் தோளைத் தேய்த்தாலே உங்கள் முகம் வெளிறுவதைப் பார்க்க முடியவில்லை. உங்களிடம் பொய் சொல்லிவிட்டு வந்தது வலியைவிட அதிகமாக உறுத்துகிறது.

அடுத்த மாதப் பரிசோதனைக்கு லீவு போட்டு வருவீர்களா? கைக்கு அணை கொடுக்கும் சின்னத் தலையணையையும் கொண்டு வாருங்கள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

ஆண்டாள்